மண்ணில் விளையாட விடலாமா?

குழந்தைகள் நலப் புறநோயாளிகள் பிரிவில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை மருந்தின் அளவைப் பற்றியவை, பத்தியத்தைப் பற்றியவை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகே நின்று, சற்றுத் தயக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி வேறொன்று உண்டு: "டாக்டர், பிள்ளையை மண்ணில் விளையாட விடலாமா?" அடுத்த குழந்தை வரிசையில் காத்திருக்கும் நேரம் அது. "இப்போதைக்கு வேண்டாம்" என்று இரண்டே சொற்களில் விடையளித்துவிடுகிறோம். அந்த இரண்டு சொற்கள் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு காலம் வாழும் என்பதை எங்களுக்குக் கற்பித்தவன், சத்துவாச்சாரியிலிருந்து வந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவன்.

அவன் யாரென்று தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே கூறுகிறோம். இரண்டரை வயதில் முகமும் கால்களும் வீங்கிய நிலையில் அவனைக் கொண்டுவந்தார்கள். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் நெஃப்ரோடிக் நோய் என்று கண்டறிந்தோம். இந்நோய்க்கு முதன்மையான மருந்து ஸ்டீராய்டு. முதல் ஆறு வாரங்கள் நாள்தோறும், அடுத்த ஆறு வாரங்கள் ஒன்றுவிட்டு ஒரு நாளும் கொடுப்பது வழக்கம். நோயும் மருந்தும் சேர்ந்து உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்திருக்கும் அந்தக் காலத்தில் தொற்றுகள் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே கூட்டத்தையும் மண்ணையும் தவிர்க்குமாறு சொன்னோம், சொன்னதில் தவறில்லை. நோய் ஒருமுறை திரும்பி வந்தது, மீண்டும் மருந்து கொடுத்தோம், தணிந்தது. மருந்தை நிறுத்தினோம். ஆனால் தடையை நீக்கிவிட்டோம் என்று சொல்ல மறந்துபோனோம்.

ஓராண்டுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்த நாளில், மருத்துவமனை வளாகத்து வேப்பமரத்தடியில் அவனுடைய ஆயா அவனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். பாதம் புல்லில் பட்டதும் இரு கால்களையும் மடக்கிக்கொண்டு அலறினான். தரையில் போய்க்கொண்டிருந்த பிள்ளையார் எறும்பைக் கண்டு மேலும் அலறினான். "கீழே எறக்குறதே இல்ல டாக்டர். நீங்கதானே மண்ணு ஆகாதுன்னு சொன்னீங்க" என்றார் ஆயா. தந்தை விடியற்காலையிலேயே ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார். தாய் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். மாடி வீட்டின் ஒற்றை அறையில் பையனுக்குத் துணை கைப்பேசி. அன்று பார்த்த சோதனையில் சிறுநீரில் புரதம் இல்லை. நோய் நீங்கி ஓராண்டு ஆகியும் அவன் நோயாளியாகவே வளர்ந்துகொண்டிருந்தான்.

அந்த ஆயாவிடம் நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கு எழுதுகிறோம். சிறு குழந்தைக்கு இயற்கையை அறிமுகம் செய்யக் காடும் மலையும் தேவையில்லை. வாசற்படியும், உடன் நின்று பார்க்கும் பெரியவர் ஒருவரும் போதும். அஞ்ச வேண்டியவை சில உண்டு. அவற்றின் பெயரையும் முகத்தையும் தெரிந்துகொண்டால் மற்றவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வெளியில் என்ன கிடைக்கிறது?

முதலில் கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2015-ஆம் ஆண்டு வெளியாயின. முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடங்கள் திறந்தவெளியில் இருக்கச் செய்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், வழக்கம்போல் இருந்த குழந்தைகளில் 39.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. வெளியே சென்றவர்களில் அது 30.4 விழுக்காடு. இதற்கு வெயிலில் நிற்க வேண்டும் என்பதில்லை. விளக்கெரியும் அறையில் வெளிச்சத்தின் அளவு சில நூறு லக்ஸ். பகற்பொழுதில் மரநிழலிலேயே அது பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சமே வளரும் கண்ணுக்குத் துணை செய்கிறது.

இரண்டாவது உடலசைவு. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடங்களாவது ஓடியாடி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் அதே அறிவுரையில் உள்ளது. மூன்று மணி நேர அசைவை ஓர் அறைக்குள் நிறைவு செய்வது எவ்வளவு கடினம் என்பதைத் தாய்மார்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள்.

மூன்றாவது, மண்ணோடு உள்ள உறவு. பின்லாந்தில் 2020-இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் தங்கும் சில பகல்நேரக் காப்பகங்களின் வெறுந்தரை முற்றத்தில் காட்டுத் தரையின் மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். அங்கே 28 நாட்கள் விளையாடிய குழந்தைகளின் தோலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. எதிர்ப்பாற்றலைச் சீராக வைத்திருக்கும் அறிகுறிகளும் இரத்தத்தில் கூடின. சிறிய ஆய்வுதான், இதைக் கொண்டு ஒவ்வாமை வராது என்று உறுதி கூற இயலாது. எனினும் மண் என்றாலே நோய் என்னும் எண்ணம் முழு உண்மையன்று என்பதை இது காட்டுகிறது.

நான்காவது பேச்சு. ஒரு வயதையொட்டிக் குழந்தை விரலை நீட்டிச் சுட்டத் தொடங்குகிறது. அது காக்கையைச் சுட்ட, நாம் "காக்கா" என்று சொல்ல, அது நம் முகத்தைப் பார்க்க, மீண்டும் காக்கையைப் பார்க்க, சொல் பிறக்கிறது. திரையில் ஓடும் காக்கை குழந்தையின் விரலுக்கு விடை சொல்வதில்லை. இங்கே ஒரு குறிப்பு: ஒன்றரை வயதிலும் எதையும் சுட்டிக் காட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்புலியைக் காட்டிய மரபு

இவை நமக்குப் புதியன அல்ல. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. அவற்றுள் ஏழாவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வருமாறு வானத்து நிலவை அழைக்கும் பருவம். பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவதும், ஆண்பிள்ளை அதைச் சிதைப்பதும் சிற்றில் பருவத்தில் வரும். தவழ்தலையும் நடத்தலையும் போலவே, நிலவைக் காண்பதையும் மணலை அளைவதையும் வளர்ச்சியின் படிகளாக நம் முன்னோர் எண்ணினார்கள். மாடிக்குத் தூக்கிச் சென்று நிலவைக் காட்டிச் சோறூட்டிய கைகள் இன்று கைப்பேசியைக் காட்டி ஊட்டுகின்றன. இதில் தாயைக் குறை கூற நாங்கள் முன்வரவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே அலையும் தாய்க்குக் கைப்பேசி தரும் பத்து நிமிட ஓய்வின் அருமை எங்களுக்குத் தெரியும். ஒரு வேளை உணவையேனும் மொட்டை மாடியிலோ வாசலிலோ ஊட்ட இயலுமா என்றே கேட்கிறோம்.

வயதுக்கேற்ற அறிமுகம்

ஆறு மாதம் வரை: நேரடி வெயில் படாமல், காலையில் வாசலிலோ சன்னலருகிலோ தூக்கிக்கொண்டு நில்லுங்கள். அசையும் இலையும் அதன் நிழலும் இந்த வயதுக்குப் போதுமான காட்சி.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை: கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குப் போகும் காலம். குழந்தையின் வாய்க்குள் நுழையாத பெரிய பொருள்களைக் கொடுங்கள். தென்னை மட்டை, முழுப் பூசணி, உள்ளங்கையைவிடப் பெரிய கூழாங்கல் போன்றவை. துளசியையும் கறிவேப்பிலையையும் கசக்கி முகரக் கொடுங்கள். புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, நிலக்கடலை ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருத்தலாகாது. மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து இவற்றால் உண்டு.

ஒன்றரை முதல் மூன்று வயது வரை: மண்ணும் நீரும் நடையும். குழந்தையின் வேகத்திலேயே தெருவின் ஒரு முனைவரை நடந்து வாருங்கள். பத்தடி செல்லக் கால் மணி நேரம் ஆகலாம். குனிந்து பார்ப்பதும் நிற்பதும் திரும்புவதும் சேர்ந்ததே அந்த நடை.

மூன்று முதல் ஐந்து வயது வரை: எண்ணுதல், பிரித்தறிதல், பொறுப்பேற்றல். அவனுக்கென்று, அவளுக்கென்று ஒரு தொட்டிச் செடி இருக்கட்டும். நீர் ஊற்றுவதும் புதுத் தளிரை எண்ணுவதும் குழந்தையின் வேலையாக இருக்கட்டும். செடி வாடினால் அதையும் குழந்தை பார்க்கட்டும்.

கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு மாதம்

சத்துவாச்சாரியின் ஹவுசிங் போர்டுக் குடியிருப்பிலும், வள்ளலார், ரங்காபுரம் பகுதிகளின் மாடி வீடுகளிலும் வாழ்வோர், "எங்களுக்குத் தோட்டம் ஏது?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நாங்கள் கூறுவது ஒரே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. மாடியில் இருந்தாலும் அதைத் தேடி ஒரு வண்ணத்துப்பூச்சி வந்துசேரும். தமிழில் கறிவேப்பிலை அழகி என்றே அதற்குப் பெயர். கறிவேப்பிலை, எலுமிச்சை இனச் செடிகளின் தளிரில் அது முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் சிறு புழு, பறவையின் எச்சத்தைப் போன்ற தோற்றம் கொண்டிருக்கும்; அந்த உருவமே அதற்குக் காவல். வளர வளர இலையின் பச்சை நிறத்துக்கு மாறும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போன்ற உறுப்பை நீட்டிக் கடும் நெடியை வெளியிடும். அது மனிதருக்குத் தீங்கு செய்யாது. பின்னர் கூட்டுப்புழுவாகத் தண்டில் தொங்கும். முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

இதற்குத் தேவையானவை இரண்டு: அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்காதிருத்தல், சில கிளைகளைக் குழம்புக்குப் பறிக்காமல் விட்டுவைத்தல். ஒரு மாதம் நாள்தோறும் ஐந்து நிமிடம் சென்று பார்க்கும் குழந்தை, பொறுத்திருக்கக் கற்றுக்கொள்கிறது; நேற்றைய நிலையை நினைவில் வைத்து இன்றையதோடு ஒப்பிடக் கற்றுக்கொள்கிறது. சில வேளைகளில் புழுவைப் பறவை கொத்திச் சென்றுவிடும். அப்போது குழந்தை அழுதால் அருகில் இருங்கள். "வேறு புழு வரும்" என்று விரைந்து சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

சத்துவாச்சாரியின் ஓராண்டு

தெற்கே பாறைக்குன்றுகள், வடக்கே பாலாறு, நடுவே தேசிய நெடுஞ்சாலை. இதுவே நம் ஊரின் அமைப்பு. வெயிலூர் என்று கேலி பேசப்பட்டாலும், ஆண்டு முழுவதும் குழந்தைக்குக் காட்டுவதற்கு இங்கே ஏதேனும் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

தை மாதம் காலைப் பனி. பொங்கல் நாட்களை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணுபவரும் அதில் பங்கேற்கலாம். காகம், மைனா, தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, கரிச்சான் ஆகிய ஐந்தை அறிந்த குழந்தை, ஆறாவதைத் தானே கேட்கும். பங்குனி, சித்திரையில் புங்கமரம் புதுத் தளிர் விடும்; வேம்பு பூத்து வாசலெல்லாம் சிந்தும்; குயில் கூவும். காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுகிறது என்னும் செய்தியைவிடச் சிறந்த கதை நான்கு வயதுக்கு வேறில்லை. அதே கோடையில் சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தவளையும் நத்தையும் ரயில்பூச்சியும் வெளிவரும். சிவப்புப் பட்டுத் துணியை வெட்டி உருட்டியதுபோன்ற பட்டுப்பூச்சி, மழைக்குப் பின் ஈர மண்ணில் ஊரும்.

குன்றுப் பக்கமும் சாலையோரமும் மஞ்சள் பூவோடு நிற்கும் ஆவாரையைக் குழந்தைக்குக் காட்டும்போது, உங்கள் குடும்பத் தொழிலைப் பற்றியும் பேசலாம். குரோமிய உப்பும் அயல்நாட்டு வாட்டில் மரப்பட்டையும் வருவதற்கு முன், தென்னிந்தியாவில் தோல் பதனிடப் பெரிதும் பயன்பட்டது ஆவாரம்பட்டை. வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலை நம்பி வாழும் குடும்பங்களின் கதை இச்செடியிலிருந்து தொடங்குகிறது. வெற்று மனைகளில் முளைத்த எருக்கின் இலையைத் திருப்பினால், கோடு போட்ட புழு இருக்கக்கூடும். அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாக மாறும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். ஆகவே பெரியவர் இலையைத் திருப்பட்டும், குழந்தை பார்க்கட்டும்.

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் பாலாறு, நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் அது இருகரையும் தொட்டு ஓடியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைக்கு ஆற்றைக் காட்டுங்கள். கரையில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு காட்டுங்கள். மணல் அள்ளிய குழிகளில் தேங்கும் நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது.

எவற்றுக்கு அஞ்ச வேண்டும்?

வெயில்: பங்குனி முதல் ஆனி வரை காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் வெளியே செல்லுங்கள். தண்ணீர்ப் புட்டி உடன் இருக்கட்டும்.

நச்சுச் செடிகள்: அரளி, குறிப்பாக மஞ்சள் அரளியின் விதை, இதயத்தைப் பாதிக்கும். காட்டாமணக்கு விதையைக் கடலை என்று எண்ணித் தின்ற குழந்தைகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றையும் குழந்தை அறிந்துகொள்ளட்டும். அழகுக்காக வீட்டுக்குள் வைக்கும் டிஃபன்பாக்கியா செடியின் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். எதையேனும் தின்றிருந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மீதமுள்ள காயையோ இலையையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். "அம்மாவைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது" என்னும் ஒரே விதியை விளையாட்டுப்போல் நாள்தோறும் சொல்லிப் பழக்குங்கள்.

பூச்சிகள்: முருங்கை மரத்தின் அடியில் கூட்டமாக மொய்க்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் தோலில் பட்டால் தடிக்கும், அரிக்கும். பூரானும் தேளும் கல்லின் அடியிலும் விறகிலும் காலணிக்குள்ளும் ஒளிந்திருக்கும். தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்வை பெருகுவதும், கை கால் சில்லிடுவதும், வாந்தியும் ஆபத்தின் அறிகுறிகள். வலி மட்டுமே என்று காத்திராதீர்கள்.

உண்ணிக் காய்ச்சல்: மேலே சொன்ன பட்டுப்பூச்சி தீங்கற்றது. கண்ணுக்குப் புலப்படாத அதன் உறவினம் ஒன்றின் இளம்புழு, புதர்களிலிருந்து உடலில் ஏறிக் கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் இக்காய்ச்சல் வருகிறது. மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரை வேலூர் வட்டாரத்தில் இதை அடிக்கடி காண்கிறோம். புதரோரம் விளையாடி வந்த குழந்தையைக் குளிப்பாட்டி, துணியை மாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில், நெருப்புச் சுட்டதுபோன்ற கறுத்த, வலியற்ற புண் இருக்கிறதா என்று பார்த்து எங்களிடம் சொல்லுங்கள். தொடக்கத்தில் கண்டறிந்தால் எளிய மருந்தில் குணமாகும்.

பாம்பு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் நம் பகுதியில் உண்டு. இவற்றுள் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், வீட்டுக்குள் தரையில் உறங்குபவரைக் கடிப்பது. வீட்டுக்குள் வைத்திருப்பதாலேயே குழந்தை காப்பாற்றப்பட்டுவிட்டதாக எண்ண இயலாது என்பதற்கு இதுவே சான்று. பாம்பு கடித்தால் கட்டவோ கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். அம்மருந்தைத் தயாரிக்கத் தேவையான நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்களின் அறிவு இவ்வாறு நம் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது.

மண்ணும் நீரும்: தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரத்தில் பெருகிவிடும், வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். மலம் கழிக்கும் இடங்களில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே நுழையும். அங்கே செருப்பு கட்டாயம். விளையாடியபின் சோப்பினால் கைகழுவுதல், நகம் வெட்டுதல், அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் குடற்புழு மாத்திரை, உரிய வயதில் தடுப்பூசி ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு மண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் நிலமும் நீரும் கெட்டதை முன்வைத்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு வருமுன் காத்தலும், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுத்தலும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. வருமுன் காத்தல் என்னும் அக்கொள்கையை வீட்டிலும் பின்பற்றுவோம். நிறம் மாறியோ நுரைத்தோ நெடி வீசியோ ஓடும் வாய்க்கால் அருகிலும், தோல் கழிவு கொட்டிய இடத்திலும் குழந்தை விளையாட வேண்டாம். அத்தகைய இடத்தை ஒட்டி வாழ்வோர், நல்ல இடத்திலிருந்து கொண்டுவந்த செம்மண்ணைத் தொட்டியில் நிரப்பிக் கொடுக்கலாம்.

சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள்

புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படும் குழந்தைகள், உறுப்பு அல்லது எலும்புமச்சை மாற்று பெற்றவர்கள், மிகுந்த அளவில் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோர் மண்ணையும் தொட்டிச் செடியையும் புறாவின் எச்சத்தையும் தவிர்த்தே ஆக வேண்டும். இவர்களுக்குச் சன்னலே தோட்டம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரின் பதிவுகளை ராஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பெரியவர்களிடம் செய்த ஆய்வு அது. எனினும் குழந்தையின் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்ப மருந்துச் சீட்டு வேண்டியதில்லை. எத்தனை காகம், எத்தனை கிளி என்று எண்ணி ஒரு தாளில் கோடு போடச் சொல்லுங்கள்.

தொலைவிலிருந்து வந்து மருத்துவமனையருகே அறையெடுத்துத் தங்கியிருப்போர், நோயுற்ற குழந்தையின் அண்ணனையோ தங்கையையோ மறந்துவிடுவதுண்டு. அவர்கள் நலமாக இருப்பவர்கள். மாலையில் அரை மணி நேரமேனும் அவர்களை யாரேனும் வெளியே அழைத்துச் செல்லட்டும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் முழுத்தடை தேவையில்லை. பார்த்தீனியம் பூத்த வெற்றுமனையைத் தவிர்த்து, மருந்தை முறையாக எடுத்துக்கொண்டு விளையாடலாம்.

எதுவரை என்று கேளுங்கள்

அந்தச் சிறுவனின் ஆயாவிடம் அன்று நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னோம். முதல் வாரம் தொட்டியைப் பார்த்தால் போதும். பிறகு இலையைத் தொடட்டும். பிறகு மண்ணை, அவன் விரும்பினால் மட்டும், என்று படிப்படியாகச் சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து வந்தபோது, ஈர மண்ணில் வெறுங்காலை வைக்க இன்னும் மறுக்கிறான் என்றார் தாய். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் எங்களை முந்திக்கொண்டு அவனே பேசினான்: "டாக்டர், அதுக்குக் கொம்பு இருக்கு. நாத்தம் அடிக்கும்." எது என்று நாங்கள் கேட்பதற்குள் புழுவைப்போல் தலையை நிமிர்த்திக் காட்டினான்.

அன்று முதல் எங்கள் பிரிவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். மண், கூட்டம், பள்ளி, செல்லப்பிராணி என எதைத் தடை செய்தாலும், அத்தடை எந்த நாள் வரை அல்லது எந்தப் பரிசோதனை வரை என்பதைக் குழந்தையின் பதிவேட்டில் எழுதுகிறோம். இதிலும் நாங்கள் தவறக்கூடும். உங்கள் பதிவேட்டில் அந்த நாள் குறிக்கப்படவில்லையெனில், அடுத்த வருகையில் கதவருகே சென்று தயங்க வேண்டாம். நாற்காலியில் அமர்ந்தபடியே கேளுங்கள். "எதுவரை?" என்று கேட்பது உங்கள் உரிமை, விடை சொல்வது எங்கள் கடமை.